முந்நூறு அடி

நகராட்சியில் சக்கரம் ஒன்று கொடுத்திருந்தார்கள்.
நீண்ட பிடி, மஞ்சள் வளையம்,
அடிக்கு ஒரு 'டிக்'.
உணவகத்தின் கதவுநிலையில் தொடங்கி
வண்டியின் பம்பர் வரை உருட்டவேண்டும்.
முந்நூறு விழுந்தால் தொப்பியைத் தொட்டுவிட்டு நகரலாம்.
ஒன்று குறைந்தாலும்
சட்டைப்பையிலிருந்து அபராதப் புத்தகம்.

பதினோரு வருடம்.
எந்தக் கதவிலிருந்து எந்த முனைக்கு எத்தனை என்று
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
அலுவலக வரைபடத்தில்
ஒவ்வொரு உணவகத்தைச் சுற்றியும் ஒரு வட்டம்;
நகரத்தின் நடுப்பகுதி முழுக்க
யாரோ ஈரக் கோப்பையை
வைத்து வைத்து எடுத்த மேசை மாதிரி.
வட்டத்துக்கு வெளியே மிஞ்சியவை:
ஆற்றுப் பாலத்தின் கீழ்ப்புறம்,
மூடிப்போன டயர்த் தொழிற்சாலை,
கல்லறைத் தோட்டத்தின் வடக்குச் சுவர்.
அங்கே யாருக்கும் பசிப்பதில்லை.

டெல்மி அர்குவேட்டாவின் வண்டி பச்சை.
முன்பு ரொட்டிக் கம்பெனியில் ஓடியது;
பழைய பெயரை அழித்த இடம் மட்டும்
வேறொரு பச்சை.
சோளமாவை உள்ளங்கையில் தட்டி
பாலாடைக்கட்டி வைத்து மூடி
மறுபடி தட்டிக் கல்லில் போடுவாள்.
புபூசா என்று பெயர். சால்வடோர்க்காரர்கள் கையால்தான் தின்பார்கள்,
ஊறிய முட்டைக்கோஸை மேலே அள்ளிப் போட்டு.
இரவுப் பணி முடிந்த தாதியர்
நீலச் சீருடையில் வந்து நிற்பார்கள்.
ஓரிடத்தில் இரண்டு மணி நேரம்தான், அதுவும் விதி.
கல் சூடேறவே நாற்பது நிமிடம்.

பிப்ரவரியில் ஹால்வர்சன் கடையிலிருந்து புகார் வந்தது.
நடைபாதை முழுக்கப் பனிக்கட்டி.
சில இடங்களில் சக்கரம் சுழலாமல் வழுக்கியது,
விழவேண்டிய டிக் விழவில்லை.
அது எனக்கும் தெரிந்தது.
இருநூற்றுத் தொண்ணூற்றேழு.
"இன்னொரு முறை உருட்டுங்கள்" என்றாள்.
கையுறைக்குள் விரல்கள் மரத்திருந்தன.
எழுதினேன்.
இருநூற்றைம்பது டாலர்.
அவள் ஒன்றும் பேசாமல் ரசீதைப் படித்து முடிப்பதற்குள்
கல்லில் கிடந்த ஆறும் அடிப்பிடித்துவிட்டன.

ஜூன் மாதம் மன்றக் கூட்டம்.
நான் கடைசி வரிசையில், சீருடை இல்லாமல்.
ஹால்வர்சன் எழுந்தார்.
சொத்துவரி கட்டுகிறேன், கழிவறை வைத்திருக்கிறேன்,
டிசம்பரில் இவர்கள் காணாமல் போவார்கள்,
அப்போதும் என் விளக்கு எரியும் என்றார்.
பொய் எதுவும் இல்லை அதில்.
டெல்மிக்கு மைக் உயரமாக இருந்தது,
யாரும் இறக்கித் தரவில்லை.
"நானாக எங்கும் போகவில்லை," என்றாள்.
"நீங்கள்தான் இரண்டு மணிக்கொருமுறை
போ என்கிறீர்கள்."
இன்னும் ஒரு நிமிடம் மிச்சமிருந்தது.
உட்கார்ந்துவிட்டாள்.

ஏழுக்கு நான்கு.
முந்நூறு ஐம்பதானது.
இரண்டு மணி நேர விதி போயிற்று.
உரிமக் கட்டணம் போகவில்லை, கொஞ்சம் ஏறியது.
சக்கரத்தைத் திருப்பிக் கேட்பார்கள் என்று நினைத்தேன்;
ஐம்பதையும் யாராவது அளக்கத்தானே வேண்டும்.

திங்கட்கிழமை
ஹால்வர்சன் கதவில் தொடங்கி உருட்டினேன்.
காய்ந்த தரை. ஒரு டிக்கும் தப்பவில்லை.
ஐம்பத்து மூன்று.
ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"சரிதானே?"
"மூன்று அடி கூடுதல்" என்றேன்.
தட்டிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது.
"வைத்துக்கொள்ளுங்கள்" என்றாள்,
மீதிச் சில்லறையை வாங்காதவர்கள் சொல்கிற குரலில்.

மறுபடி தட்டத் தொடங்கினாள்.
எதுவும் எழுதாமல் புத்தகத்தை மூடினேன்.
வரிசையில் எனக்கு முன்னால்
ஹால்வர்சன் கடையில் பாத்திரம் கழுவுகிற பையன்,
ஏப்ரன் ஈரம் காயாமல்.
சக்கரத்தைச் சாய்த்துவைக்க இடம் தேடினேன்.
சுவர் தூரத்தில் இருந்தது.
கையில் பிடித்தபடியே நின்றேன்,
அவன் ஓர் அடி நகர்ந்தான்,
நானும் நகர்ந்தேன்,
டிக்.